எந்த ஸ்பானியக் காதல் நகைச்சுவைப் படத்தை முதலில் பார்ப்பது?

ஸ்பெயினில் எடுக்கப்பட்ட காதல் நகைச்சுவைப் படங்களில் எதிலிருந்து தொடங்கலாம் என்று தேடுபவருக்குக் கிடைக்கும் பட்டியல்களில் பெரும்பாலானவை, அந்நாட்டில் வசூலில் முதலிடம் பிடித்த படத்தையே முதலில் வைக்கின்றன. ஒரு நாட்டு மக்கள் திரண்டு போய்ப் பார்த்த படம் நமக்கும் பிடித்துவிடும் என்ற கணக்கு, சண்டைப் படங்களுக்கும் பேய்ப் படங்களுக்கும் ஓரளவு சரிப்பட்டு வரலாம். நகைச்சுவையில் அந்தக் கணக்கு அடிக்கடி தலைகீழாகிவிடுகிறது. உள்ளூர்க்காரர்கள் எந்த இடத்தில் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்களோ, அந்த இடத்தில்தான் வெளியூர்க்காரர் சப்டைட்டிலை வாசித்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருப்பார். ஆகவே இந்தக் கட்டுரையில் வசூலையும் விருதுகளையும் ஓரமாக வைத்துவிட்டு, சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது, காதலர்களுக்கு நடுவே எது குறுக்கிடுகிறது என்ற இரண்டு கேள்விகளைக் கொண்டு சில படங்களை எடைபோட்டுப் பார்க்கிறேன். ஸ்பானிய மொழியோ அந்நாட்டு அரசியலோ தெரியாத, ஆனால் இரண்டு மணி நேரம் பொறுமையாக உட்காரத் தயாராக இருக்கும் பார்வையாளரையே மனத்தில் கொண்டிருக்கிறேன்.

இளைஞர்கள், நகரம், காதல், சிரிப்பு ஆகிய நான்கும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது இங்கே வேலி. அதனால்தான் பெத்ரோ அல்மொதோவார் இந்த ஒப்பீட்டில் இல்லை. 1988-இல் வந்த அவருடைய 'நரம்புத் தளர்ச்சியின் விளிம்பில் பெண்கள்' படம் மாட்ரிட் நகரத்து நகைச்சுவையின் உச்சம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அது காதல் முடிந்த பிறகு, நடுவயதை நெருங்கும் ஒரு பெண்ணின் வீட்டில் நடக்கும் கலவரம். இளங்காதலைத் தேடுபவர் அதை வேறொரு நாளுக்கு ஒதுக்கி வைப்பது நல்லது.

வசூல் சாதனை படைத்த படத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். எமிலியோ மர்த்தீனெஸ் லாசரோ இயக்கி 2014-இல் வெளியான 'ஓச்சோ அப்பெயீதோஸ் வாஸ்கோஸ்', அதாவது 'எட்டு பாஸ்க் குடும்பப் பெயர்கள்', ஸ்பெயின் திரையரங்குகளில் மிக அதிகமாக வசூலித்த ஸ்பானியப் படம். தெற்கே செவில் நகரில் வாழும் ரஃபா, வடக்கே தனி மொழியும் அடையாளமும் கொண்ட பாஸ்க் நாட்டுப் பகுதியிலிருந்து வந்த அமாயா என்ற பெண்ணை ஒரே இரவில் விரும்பிவிட்டு, அவளைத் தேடி அவள் ஊருக்கே போய், அவளுடைய தந்தையின் முன் தானும் அசல் பாஸ்க்காரன் என்று நடிக்க வேண்டிய கட்டாயத்துக்கு ஆளாகிறான். கதையின் எலும்புக்கூடு நமக்கு அந்நியமானதல்ல. பெண்ணின் அப்பாவிடம் ஆள்மாறாட்டம் செய்யும் காதலனை நாம் பல படங்களில் பார்த்துச் சலித்திருக்கிறோம். சதையும் இரத்தமும்தான் உள்ளூர்ச் சரக்கு. படத்தின் புகழ்பெற்ற இடத்தில், பரம்பரைச் சான்றாகத் தந்தை கேட்கும் எட்டுக் குடும்பப் பெயர்களை ரஃபா ஒவ்வொன்றாகத் தடுமாறிச் சொல்கிறான். சுபிசரெத்தா, அர்கின்யானோ என்று அவன் அடுக்கும் பெயர்கள், தொலைக்காட்சியிலும் கால்பந்து மைதானத்திலும் பழகிப்போன பாஸ்க் பிரபலங்களின் பெயர்கள் என்பது ஸ்பானியப் பார்வையாளருக்கு உடனே விளங்கும். முதலாமவர் தேசிய அணியின் கோல்கீப்பராக இருந்தவர், இரண்டாமவர் தொலைக்காட்சியில் சமைத்துக் காட்டுபவர். சரக்கு தீர்ந்துபோய்க் கடைசியில் கிளமென்தே என்று அவன் சொல்லும்போது திரையரங்கு ஏன் அதிர்கிறது என்றால், அந்தக் கால்பந்துப் பயிற்சியாளர் பாஸ்க் நாட்டவர்தான் என்றாலும் அவர் பெயரில் பாஸ்க் வாடையே கிடையாது. சப்டைட்டிலில் இவை எட்டும் வெறும் எட்டுப் பெயர்கள்.

இதற்குப் பின்னால் இன்னொரு சுமையும் இருக்கிறது. பாஸ்க் பகுதிக்குத் தனி நாடு கேட்டுப் போராடிய எட்டா என்ற ஆயுத அமைப்பு, 2011 அக்டோபரில்தான் தன் ஆயுத நடவடிக்கைகள் நிரந்தரமாக முடிந்தன என்று அறிவித்தது. பல பத்தாண்டுகள் குண்டுவெடிப்பும் கொலையும் பார்த்த ஒரு சமூகம், மூன்றாண்டுகள் கழித்து அதே பிரிவினையை வைத்து வாய்விட்டுச் சிரிக்க முடிகிறதே என்ற ஆறுதலும் அந்த வசூலுக்குள் அடக்கம். அந்த ஆறுதலை நாம் புரிந்துகொள்ளலாம், ஆனால் உணர முடியாது. ரஃபாவாக வரும் தானி ரொவீராவின் துறுதுறுப்பும், தந்தையாக வரும் கர்ரா எலெஹால்தேயின் முறைப்பும் யாருக்கும் பிடிக்கக்கூடியவை என்பதை மறுக்கவில்லை. முதல் படமாக மட்டும் இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தவிர, இது நகரத்துக் காதல் என்ற வேலிக்குள்ளும் அரைகுறையாகவே நிற்கிறது.

அதே இயக்குநர் 2002-இல் எடுத்த 'எல் ஓத்ரோ லாதோ தெ லா காமா', 'கட்டிலின் மறுபக்கம்', வேலிக்குள் முழுமையாக அடங்கும் படம். பெத்ரோவை விட்டு அவன் காதலி பவுலா பிரிகிறாள். அவள் மனம் நாடியிருப்பது பெத்ரோவின் நெருங்கிய நண்பன் ஹவியேரை. ஹவியேரோ சோனியாவுடன் வாழ்ந்துகொண்டே இரண்டு பக்கமும் பொய் சொல்லித் திரிகிறான். எர்னெஸ்தோ அல்தேரியோ, பாஸ் வேகா, கியெர்மோ தொலேதோ, நத்தாலியா வெர்பேகே ஆகிய நால்வரும் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டுத் தங்கள் சொந்தக் குரலில் பாடி ஆடத் தொடங்குவார்கள் என்பதால், பாட்டுள்ள படங்களோடு வளர்ந்த நமக்கு இது எளிதில் ஒட்டிக்கொள்ளும் என்று தோன்றும். அந்த எண்ணம் பாதிதான் பலிக்கும். இவை படத்துக்காக எழுதப்பட்ட பாட்டுகள் அல்ல. தெக்கீலா போன்ற குழுக்களின் பழைய பாப் பாட்டுகளை எடுத்து நடிகர்களின் வாயில் வைத்திருக்கிறார்கள். தங்கள் இளமையில் கேட்ட பாட்டு, பாடத் தெரியாத ஒருவன் தொண்டையிலிருந்து தப்பும் தவறுமாக வருவதைக் கேட்கும் குறும்பு ஸ்பானியர்களுக்கு உரியது. நமக்குக் கிடைப்பது சுமாராகப் பாடப்பட்ட பாட்டு மட்டுமே. ஆண் நண்பர்கள் கூடி உட்கார்ந்து பெண்களைப் பற்றி உதிர்க்கும் தத்துவங்களும் இருபது ஆண்டுகளில் நன்றாகவே நரைத்துவிட்டன. ஆனால் பொய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, எது யாருக்குத் தெரியும் என்று கதாபாத்திரங்களே குழம்பும் கட்டம் வரும்போது படம் உயிர் பெறுகிறது. அந்த இயந்திரத்துக்கு எந்த ஊர் அறிவும் தேவையில்லை. கலகலப்பான ஓர் இரவுக்கு, நண்பர்கள் கூட்டத்தோடு பார்க்க உகந்தது.

இனி நான் முதலிடத்தில் வைக்க விரும்பும் படத்துக்கு வருகிறேன். ஃபெர்னாந்தோ ட்ருவெபா தன் இருபத்தைந்தாவது வயதை ஒட்டி இயக்கிய முதல் முழுநீளப் படமான 'ஓப்பெரா ப்ரீமா' 1980-இல் வெளிவந்தது. திரைக்கதையை அவரோடு சேர்ந்து எழுதிய ஆஸ்கர் லதோயிரேதான் கதாநாயகன் மத்தியாஸ். தயாரித்தவர், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே மாட்ரிட் இளைஞர்களின் பேச்சையும் வீட்டையும் திரைக்குக் கொண்டுவந்திருந்த ஃபெர்னாந்தோ கொலோமோ. மனைவியைப் பிரிந்து, ஒரு சிறு மகனுக்குத் தந்தையாகவும் இருக்கும் இளம் பத்திரிகையாளன் மத்தியாஸ், மாட்ரிட்டின் ஓப்பெரா சதுக்கத்தில் வெகுநாளாகப் பார்த்திராத தன் உறவுக்காரப் பெண் வியோலெத்தாவைத் தற்செயலாகச் சந்திக்கிறான். வயலின் படிக்கும் அவள் அங்கேயே குடியிருக்கிறாள். உறவுமுறைக்குள் காதல் என்பது அந்நாட்டுப் பார்வையாளருக்குச் சற்றே குறுகுறுப்பை ஏற்படுத்தும் விஷயம். மாமன் மகள், அத்தை மகன் என்று பேசி வளர்ந்த நாம் அதைக் கண்டுகொள்ளாமலே கடந்துபோவோம் என்பதைத் தவிர, இந்தப் படத்தில் நாம் இழப்பது சொற்பம்.

காரணம், இங்கே சிரிப்பு முழுவதும் மத்தியாஸின் சுபாவத்திலிருந்து வருகிறது. அவன் வாய் ஓயாமல் பேசுகிறான். காதல் வந்தால் பேசுகிறான், பொறாமை வந்தால் இன்னும் வேகமாகப் பேசுகிறான், பேசாமல் இருந்தால் நல்லது நடக்கும் என்று அவனுக்கே தெரிகிற இடத்திலும் பேசிக் காரியத்தைக் கெடுக்கிறான். வியோலெத்தா அவனைவிட வயதில் இளையவள், அவனைவிட நிதானமானவள். தனக்கு என்ன வேண்டும் என்பதில் அவளுக்குக் குழப்பம் குறைவு, அவனுக்கோ அதுவே தொழில். ஒருவன் தன் சந்தேகத்தை நியாயப்படுத்த வாதங்களை அடுக்கிக்கொண்டே போக, எதிரில் இருப்பவள் இரண்டே சொல்லில் பதில் சொல்லிவிடும் காட்சிகளைப் புரிந்துகொள்ள மாட்ரிட் தெரிந்திருக்க வேண்டியதில்லை. லதோயிரேயின் முகத்தில் ஒரு நிரந்தரச் சலிப்பு இருக்கிறது. மகிழ்ச்சியாக இருக்கும்போதுகூட அது யாரோ கடனாகக் கொடுத்தது போல அவன் நடந்துகொள்கிறான்.

காதலுக்குக் குறுக்கே எது நிற்கிறது என்ற கேள்வியில்தான் இந்தப் படம் மற்றவற்றை மிஞ்சுகிறது. ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃப்ராங்கோ இறந்தது 1975 நவம்பரில். திரைப்படத் தணிக்கை 1977-இல் நீங்கியது. கருத்தடைச் சாதனங்களுக்கான தடை 1978-இல் விலகியது. விவாகரத்தை மீண்டும் அனுமதித்த சட்டம் 1981-இல்தான் வந்தது. அதாவது படம் வெளியான ஆண்டில் மத்தியாஸைப் போன்ற ஒருவன் மனைவியைப் பிரிந்து வாழலாம், சட்டப்படி அவளிடமிருந்து விடுபட முடியாது. ஆனால் படத்தில் யாரும் சட்டத்தைப் பற்றிப் புலம்புவதில்லை, பாதிரியார் வந்து கண்டிப்பதில்லை, பெற்றோர் கதவை மறித்து நிற்பதில்லை. தடைகள் விலகிவிட்ட ஊரில், தடை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லாமல், தன் சொந்தக் கோணலோடு நேருக்கு நேர் நிற்க வேண்டிய முதல் தலைமுறையின் திகைப்பே மத்தியாஸின் திகைப்பு. குடும்பத்தையும் சாதியையும் எதிர்த்து நிற்கும் காதலர்களையே பெரும்பாலும் திரையில் பார்த்துப் பழகியவருக்கு, எதிர்க்க ஆளே இல்லாத காதல் எவ்வளவு சிக்கலானது என்பதை இவ்வளவு இலேசாகச் சொல்லும் படம் கிடைப்பது அரிது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுவது கூடுதல் வசதி. குறை சொல்ல வேண்டுமானால், வியோலெத்தாவை மத்தியாஸின் கண் வழியாகவே படம் பார்க்கிறது; அவள் தனியாக இருக்கும்போது என்ன நினைக்கிறாள் என்பது நமக்குக் கடைசிவரை முழுதாகத் தெரிவதில்லை. படத்தின் கஞ்சத்தனமான தயாரிப்பும் வெளிப்படையாகத் தெரியும். பளபளப்பை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார்.

பளபளப்பு வேண்டும், பெண்ணின் பார்வையும் வேண்டும் என்பவருக்கு ஏற்றது 2015-இல் வந்த 'ரெக்கிசீத்தோஸ் பாரா செர் ஊனா பெர்சோனா நொர்மால்', 'சராசரி மனிதராக இருப்பதற்கான தகுதிகள்'. நடிகை லெத்தீசியா தொலேரா எழுதி, இயக்கி, தானே நாயகியாகவும் நடித்த முதல் முழுநீளப் படம் இது. பார்சிலோனாவில் வாழும் மரியாவுக்கு முப்பது வயது. வேலை நேர்காணல் ஒன்றில் மாட்டிக்கொண்டு விழித்த பிறகு, சராசரி மனிதருக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று அவள் ஒரு பட்டியல் போடுகிறாள்: வேலை, வீடு, துணை, பொழுதுபோக்குகள், நண்பர் வட்டம், குடும்ப வாழ்க்கை, மகிழ்ச்சி. கையில் இவற்றுள் ஒன்றும் உருப்படியாக இல்லை. வாடகை வீட்டை இழந்து தாயின் வீட்டுக்கே திரும்பியிருக்கிறாள். மனுவேல் புர்கே நடித்த போர்ஹா என்ற பருமனான இளைஞனோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறாள். அவன் அவளுக்குப் பட்டியலை நிறைவேற்ற உதவுவான், அவள் அவனுக்கு எடை குறைக்க உதவுவாள்.

இந்தப் பட்டியலில் வீடும் வேலையும் துணைக்கு முன்னால் நிற்பதைக் கவனிக்க வேண்டும். 2013-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்பெயினில் இருபத்தைந்து வயதுக்குட்பட்ட வேலை தேடுவோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வேலை கிடைக்கவில்லை; பெற்றோர் வீட்டை விட்டு இளைஞர்கள் வெளியேறும் சராசரி வயது அங்கே முப்பதை ஒட்டியே இருக்கிறது. முதல் நேர்காணலுக்குப் போய் நொந்து திரும்பிய எவருக்கும் இந்தப் படத்தின் முதல் பத்து நிமிடங்களுக்கு விளக்கவுரை தேவைப்படாது. மரியாவின் தம்பி அலெக்ஸுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கிறது. அவனைப் பரிதாபப் பொருளாக்காமல், வீட்டிலேயே தெளிவான ஆளாக நடமாட விட்டிருப்பது இயக்குநரின் நல்ல ரசனைக்குச் சான்று. வண்ணமும் சட்டக அமைப்பும் சில சமயம் விளம்பரப் படம் போல இனிப்புத் தூக்கலாக இருக்கின்றன என்பதும், முடிவை நடுவிலேயே ஊகித்துவிடலாம் என்பதும் என் மனத்தாங்கல்கள். ஆனால் சிரிப்பில் பெரும்பகுதி படிமத்திலிருந்தும் உடல்மொழியிலிருந்தும் வருவதால், சப்டைட்டில் வாசிக்கும் வேகம் குறைந்தவர்களுக்கு இந்த வரிசையில் இதுவே மிக எளிது.

தேடி அலைய நேரமில்லாதவருக்கு நெட்ஃபிளிக்ஸ் தயாரிப்பாக 2021-இல் வந்த 'லோக்கோ போர் எய்யா' இருக்கிறது. தானி தெ லா ஓர்தென் இயக்கிய இந்தப் படத்தில், ஓர் இரவு மட்டுமே பழகிய பெண்ணைத் தேடிப் போகும் இளைஞன், அவள் மனநல மையம் ஒன்றில் இருப்பதறிந்து தானும் நோயாளி என்று சொல்லி உள்ளே சேர்ந்துவிடுகிறான். முன்பாதி வழக்கமான துரத்தல்தான். காதல் எல்லா நோயையும் தீர்த்துவிடும் என்ற அவனுடைய நம்பிக்கையைப் படமே பின்பாதியில் உடைத்துக் காட்டுவதால் மரியாதை பிழைத்துக்கொள்கிறது. நகரம் இதில் பின்னணி மட்டுமே.

மறுமுனையில் நிற்பவர் ஃபெர்னாந்தோவின் மகன் ஹோனாஸ் ட்ருவெபா. 2019-இல் வந்த அவருடைய 'லா விர்ஹென் தெ அகோஸ்தோ', ஊரே கோடை விடுமுறைக்குக் கிளம்பிவிட்ட ஆகஸ்ட் மாத மாட்ரிட்டில் தங்கிவிடுவது என்று முடிவெடுத்த ஏவா என்ற பெண்ணின் இரு வாரங்களைச் சொல்கிறது. சான் கயெத்தானோ, சான் லொரென்சோ, லா பலோமா என்று அடுத்தடுத்து வரும் தெருத் திருவிழாக்களின் ஊடே அவள் நடக்கிறாள், பழையவர்களைச் சந்திக்கிறாள், புதியவர்களோடு பேசுகிறாள். இத்சாசோ அரானா இயக்குநரோடு சேர்ந்து எழுதி, ஏவாவாக நடித்திருக்கிறார். நகரத்தை அனுபவிக்க இதைவிடச் சிறந்த படம் இந்த வரிசையில் இல்லை. நகைச்சுவைப் படம் என்று நம்பி உட்கார்ந்தவர் முதல் அரை மணி நேரத்தில் கடிகாரத்தைப் பார்ப்பார் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஹோனாஸின் 2024-ஆம் ஆண்டுப் படம் 'வொல்வெரெய்ஸ்' அப்படியல்ல. அது வெளிப்படையாகவே சிரிக்க வைக்கிறது. பதினான்கு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த அலே, அலெக்ஸ் என்ற இணையர் பிரியப் போகிறார்கள்; பிரிவுக்கு ஒரு விருந்து வைக்க முடிவெடுக்கிறார்கள். அரானாவும் வீத்தோ சான்ஸும் நடித்திருக்கும் இந்த இருவர், செய்தியை ஒவ்வொரு நண்பராகத் தேடிச் சொல்லும் காட்சிகளே படத்தின் பெரும்பகுதி. "நாங்கள் பிரிகிறோம், ஆனால் நன்றாகத்தான் இருக்கிறோம்" என்ற பொருளில் ஏறத்தாழ அதே வார்த்தைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதல் முறை கேட்கும்போது நமக்கு வருத்தம். நான்காம் முறை சிரிப்பு. அதற்குப் பிறகு, சொல்பவர்களே அதை நம்பவில்லையோ என்ற சந்தேகம். மணமுறிவு உரிமையே கேள்விக்குறியாக இருந்த ஊரில் தந்தை எடுத்த முதல் படத்தையும், பிரிவுக்கு விருந்து வைக்கும் மகனின் படத்தையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு நாற்பத்து நான்கு ஆண்டு மாட்ரிட் ஒரே நேர்கோட்டில் தெரியும். இதில் ஒரு குறும்பும் உண்டு: சேர்வதைவிடப் பிரிவதையே கொண்டாட வேண்டும் என்ற யோசனையை முன்பே சொல்லிவைத்த அலேயின் தந்தையாகத் திரையில் வருபவர் ஃபெர்னாந்தோ ட்ருவெபாவேதான். கான் விழாவின் இயக்குநர்கள் பிரிவில் திரையிடப்பட்டுப் பரிசும் பெற்ற படம் இது. இருந்தாலும் முதல் படமாக இதைப் பார்த்தால், தந்தையும் மகனும் ஆடும் அந்த ஆட்டத்தில் பாதி கைநழுவிப் போகும்.

எனவே என் தேர்வு 'ஓப்பெரா ப்ரீமா'வில் தொடங்கி, அடுத்த வாரமே 'வொல்வெரெய்ஸ்' பார்ப்பது. 1980-ஆம் ஆண்டுப் படத்துக்கு நல்ல பிரதியும் சப்டைட்டிலும் கிடைப்பது எல்லா ஊரிலும் எளிதல்ல என்பதால், கிடைக்காதவர் தொலேராவின் படத்தில் தொடங்குவதில் எந்த இழப்பும் இல்லை. நண்பர்கள் ஐந்தாறு பேர் கூடும் இரவானால் 'கட்டிலின் மறுபக்கம்'. வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்க நினைப்பவருக்கும் தொலேராவின் படமே சங்கடம் குறைந்தது. மற்றவற்றில் படுக்கையறையும் பேச்சும் தாராளமாக வரும். வசூல் சாதனைப் படத்தை, ஸ்பெயினின் வடக்கும் தெற்கும் ஏன் ஒன்றையொன்று கேலி செய்துகொள்கின்றன என்று ஓரளவு பிடிபட்ட பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

எதைத் தேர்ந்தாலும் டப்பிங்கைத் தவிர்த்து, மூல ஒலியிலேயே பார்க்க வேண்டும். ஃப்ராங்கோ ஆட்சி 1941-இல் அயல்மொழிப் படங்களுக்கு டப்பிங்கைக் கட்டாயமாக்கியதில் தொடங்கி, ஸ்பானியர்கள் பிறமொழிப் படங்களை இன்றும் பெரும்பாலும் டப்பிங்கிலேயே பார்க்கிறார்கள். ஆனால் அவர்களுடைய காதல் நகைச்சுவைகள் பேச்சின் வேகத்திலேயே உயிர் வாழ்பவை. மத்தியாஸ் ஒரு வாக்கியத்தை முடிக்காமலே அடுத்ததற்குத் தாவும் அந்த மூச்சிரைப்பு வேறொரு குரலில் வந்தால், எஞ்சுவது எரிச்சலூட்டும் ஓர் ஆள் மட்டுமே. சப்டைட்டில் இரண்டு வரிக்கு மேல் நீளும் இடங்களில் முழுவதையும் வாசிக்க முயலாமல் முகங்களைப் பார்த்துக்கொண்டு கடந்துவிடலாம். அந்த வசனங்களில் பல, எதிரில் இருப்பவரும் கவனித்துக் கேளாதவைதான்.